1748-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால்?

கோட்டைவாசல் (கேள்வி):

முதலாம் கர்நாடகப் போர் பள்ளிக்கூடப் பாடத்தில் இரண்டே வரி. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார்கள், ஐரோப்பாவில் நடந்த போரை முடித்த 1748 அய்-லா-சப்பேல் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தார்கள், முடிந்தது. அந்த இரண்டாவது வரியை என்னால் அவ்வளவு லேசாகக் கடக்க முடியவில்லை. கிட்டத்தட்ட மூன்று வருஷம் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அவர்கள் கையில் இருந்திருக்கிறது. 1748-ல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் பெரிய கப்பற்படையோடு வந்து பிரெஞ்சுத் தலைமையிடமான புதுச்சேரியை முற்றுகையிட்டும் ஒன்றும் நடக்கவில்லை, மழை பிடித்துக்கொண்டதும் கிளம்பிவிட்டார். இங்கே களத்தில் தோற்காதவர்கள், ஐரோப்பாவில் போட்ட ஒரு கையெழுத்துக்காக ஊரையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

கொடுக்காமல் இருந்திருந்தால்? 1756-ல் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா ஆங்கிலேயரின் கல்கத்தாவைப் பிடித்ததும் அதை மீட்க கம்பெனித் தளபதி கிளைவும் கடற்படைத் தளபதி வாட்சனும் சென்னையிலிருந்துதான் கப்பலேறினார்கள். சென்னை இல்லையென்றால் அந்தப் படை இல்லை, வங்காளத்தைக் கம்பெனி கையில் கொடுத்த பிளாசி வெற்றி இல்லை, வங்காளத்துப் பணமும் இல்லை. என் கணக்கு சரியா?

கடலூரான்:

இல்லை நண்பரே. சென்னை போனதும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை எங்கள் ஊர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்துவிட்டது. சென்னை திரும்பக் கிடைத்த பிறகும் 1752 வரை இங்கேதான் இருந்தது. கிளைவ் வேஷம் போட்டுத் தப்பி வந்தது இங்கே, கம்பெனிப் படையின் தளபதி லாரன்ஸ் 1748-ல் வந்து பொறுப்பேற்றதும் இங்கே. புதுச்சேரியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே பல தடவை முயன்றும் பிடிக்க முடியவில்லை. சென்னை கிடைக்காமலே போயிருந்தாலும் இங்கிருந்தே வங்காளத்துக்குக் கப்பல் அனுப்பியிருப்பார்கள். கடலூர் விழுந்திருந்தால் என்று கேளுங்கள், அப்போது நான் உங்கள் பக்கம்.

வடகடல்:

நீங்கள் இருவரும் சோழமண்டலக் கரையிலிருந்தே பார்க்கிறீர்கள். சென்னை சும்மா திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக வட அமெரிக்காவில் லூயிஸ்பர்க் கோட்டை பிரான்சுக்குப் போனது. 1745-ல் நியூ இங்கிலாந்துக் குடியேறிகள் பிரிட்டிஷ் கப்பற்படைத் துணையோடு போய் அதைப் பிடித்து, குளிர்காலம் முழுக்கக் காவல் இருந்து, நோயில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். லண்டன் அதைத் தூக்கிக் கொடுத்ததும் பாஸ்டனில் அவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் பக்கம் பிரான்சும் பிடித்து வைத்திருந்த ஆஸ்திரிய நெதர்லாந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, "அந்தச் சமாதானம் மாதிரி முட்டாள்தனம்" என்று பாரிஸில் சொலவடையே கிளம்பிவிட்டது.

ஆக, சென்னையை வைத்துக்கொண்டால் லூயிஸ்பர்க் கிடைக்காது. நிஜத்தில் அதை வாங்கியும் 1758-ல் மறுபடி இழந்தார்கள், மறு வருஷமே கியூபெக்கும் போனது. அந்தக் கோட்டைக்காகச் சென்னையை விட்டது பிரான்சுக்குப் பெரிய நஷ்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் கடலில் ஆங்கிலேயன் கை ஓங்கியிருக்கும்வரை சென்னையையும் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

அடையாறு முகத்துவாரம்:

கேள்வியை இன்னும் இரண்டு வருஷம் பின்னால் தள்ள வேண்டும். சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே, 11 லட்சம் வராகன் (பொற்காசு) வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே விட்டுவிடுவதாகப் பேசி முடித்திருந்தார். டூப்ளேவுக்கு அது அறவே பிடிக்கவில்லை. இருவரும் மல்லுக்கு நிற்கும்போதே 1746 அக்டோபரில் புயல் அடித்து லா பூர்தொனேயின் கப்பல்கள் சிதைந்தன. மிச்சத்தைக் கூட்டிக்கொண்டு அவர் போய்விட்டார், டூப்ளே ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார்.

அந்தப் புயல் வராமல் இருந்திருந்தால் அடையாற்றுச் சண்டையே நடந்திருக்காது. சென்னையை உங்களிடம் தருகிறேன் என்று ஆற்காட்டு நவாப் அன்வருதீனுக்கு டூப்ளே கொடுத்திருந்த வாக்கு காற்றில் போனது. நவாபின் மகன் மாபூஸ் கான் சுமார் 10,000 பேரோடு அடையாற்றின் வடகரையில் பீரங்கிகளை நிறுத்திக் காத்திருந்தார். புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படைத்தலைவர் பாரடியிடம் இருந்தது ஆயிரம் பேர் சொச்சம், அதிலும் பெரும்பாலோர் சிப்பாய்கள், அதாவது ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற இந்திய வீரர்கள். ஆற்றில் இறங்கி நடந்தே கடந்தார்கள், கரையேறியதும் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் சுட்டார்கள், அப்புறம் துப்பாக்கி முனையில் செருகிய கத்தியோடு பாய்ந்தார்கள். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் ஓடி நெரிசலில் சிக்கியது. பயிற்சி பெற்ற ஆயிரம் பேர் போதும் என்று பிரெஞ்சுக்காரர்களும், பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களும் அன்று கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடம் நடக்காமல் போயிருந்தால் அடுத்த பத்து வருஷம் வேறு மாதிரி போயிருக்கும். அந்த நாட்களில் புதுச்சேரிக்கு வந்த சேதிகளை டூப்ளேயிடம் பணிபுரிந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார், இந்தப் போரில் ஆர்வம் உள்ள யாரும் அதைப் படிக்காமல் விடக்கூடாது.

கோட்டைவாசல்:

கடலூரான் சொன்னதைக் கேட்டபின் பிளாசியை விடுகிறேன், 1751 ஆற்காட்டைப் பிடித்துக்கொள்கிறேன். ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவரில், பிரெஞ்சு ஆதரவு பெற்ற சந்தா சாகிப் திருச்சியில் ஆங்கிலேய ஆதரவு பெற்ற முகமது அலியை வளைத்து உட்கார்ந்திருக்கிறார், கிளைவ் 200 வெள்ளைக்காரர், 300 சிப்பாய்களோடு சென்னையிலிருந்து கிளம்பி ஆற்காட்டைப் பிடிக்கிறார். கடலூரிலிருந்து கிளம்பியிருந்தால் வழியில் செஞ்சிக் கோட்டை, அது 1750-லேயே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கைக்குப் போய்விட்டது. சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தால் அந்தப் பாய்ச்சலே கிடையாது. திருச்சி விழுந்திருக்கும், சந்தா சாகிப்தான் நவாப்.

கடலூரான்:

இது முன்னதைவிடக் கெட்டியான வாதம், ஆற்காட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருச்சியை ஆற்காடு மட்டும் காப்பாற்றவில்லை. 1752-ல் லாரன்ஸும் கிளைவும் தளவாடங்களோடு திருச்சிக்குக் கிளம்பியது செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்துதான். அங்கே மைசூர், தஞ்சாவூர், முராரி ராவின் மராத்தியர் எல்லோரும் முகமது அலி பக்கம் நின்றார்கள். சந்தா சாகிப் ஸ்ரீரங்கத்தில் அகப்பட்டு, தஞ்சைத் தளபதி கையில் சிக்கிக் கொல்லப்பட்டார். மைசூர்க்காரர்களை வரவழைக்கத் திருச்சியையே தருவதாக முகமது அலி வாக்குக் கொடுத்திருந்தார், வேலை முடிந்ததும் தர மறுத்துவிட்டார், உடனே மைசூர் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்து சண்டை மேலும் இரண்டு வருஷம் இழுத்தது. உங்கள் கணக்கில் அந்த வாக்கையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், திருச்சி மைசூருக்குப் போயிருந்தால் டெல்டாவில் யார் ஆண்டிருப்பார்கள் என்பது சென்னை யாரிடம் இருந்தது என்பதைவிடப் பெரிய கேள்வி.