கலைச்சொல் வேண்டும்: முகப்பு விளக்கின் ‘கட்-ஆஃப்’

திருமங்கலத்திலிருந்து, திங்கள் இரவு:

அவையோர்க்கு வணக்கம். பழைய ஜீப்பின் முகப்பு விளக்கை மாற்றுவது பற்றி, மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு எட்டுப் பக்கக் கையேடு எழுதுகிறேன். வியாழன் காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். ஏழு அங்குல வட்ட விளக்கு, ஆலசன் பல்பு, எல்.இ.டி., ரிலே எல்லாம் எழுதியாயிற்று. ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது.

டிம் போட்டு ஜீப்பைச் சுவருக்கு எதிரே நிறுத்தினால், வெளிச்சம் ஒரு மட்டத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே இருட்டு. எச்-4 என்னும் ஆலசன் பல்புக்குள், டிம் இழைக்கு அடியில் சிறு கிண்ணம்போல ஒரு தகடு இருக்கிறது. அதன் வேலைதான் இது. எதிரே வருபவரின் கண் கூசாமல் தப்புவதும் இதனால்தான். ஆங்கிலத்தில் இதைக் கட்-ஆஃப் என்கிறார்கள். இன்று கரும்பலகையில் அப்படியே எழுதினேன். “எந்தக் காலேஜுக்கு, சார்?” என்றான் ஒருவன். வகுப்பு அதோடு கலைந்தது.

மேலூரிலிருந்து:

ஒளிவரம்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘வரை’ என்ற அடியைப் பாருங்கள். வரை எல்லை, வரை மலை, வரைதல் கோடு இழுத்தல், தலைவன் தலைவியை வரைதல் மணத்தல். சங்கப் பாடல்களில் தோழி வரைவு கடாவும், அதாவது மணந்துகொள் என்று தலைவனை நெருக்கும், துறைகளில் ‘இதற்கு மேல் களவுக் காதல் இல்லை’ என்று ஒரு கோடு கிழிக்கப்படுகிறது அல்லவா? அந்தக் கோடுதான் இந்த விளக்கிலும் விழுகிறது.

சென்னையிலிருந்து:

ஐயா, ஜீப்புக்கு விளக்கு மாட்டச் சொன்னால் கல்யாணத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். நான் அன்றாடம் மொழிபெயர்ப்பது வேக வரம்பு, வயது வரம்பு, கடன் வரம்பு. ஒளிவரம்பு என்று பார்த்ததும் ‘60 வாட்டுக்கு மேல் போடாதே’ என்றுதான் வாசிப்பார்கள். வெட்டுக்கோடு என்று வைத்தால் என்ன?

திருமங்கலத்திலிருந்து:

அம்மா, வெட்டுக்கோட்டை வடிவியல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. வட்டத்தை இரண்டு புள்ளிகளில் வெட்டினால் வெட்டுக்கோடு, ஒரு புள்ளியில் தொட்டால் தொடுகோடு. எங்கள் விளக்கும் வட்டம் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்களுக்கு வரம்பு என்றாலே வயலில் நடந்துபோகிற வரம்புதான். நீங்கள் வரப்பு என்பது. இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் காய்ந்த நிலம். இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? கடன் வரம்பு உங்கள் வங்கிகளின் தொல்லை.

வாடிப்பட்டியிலிருந்து:

நான் தமிழ் படித்தவன் அல்லன். சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்க ஜீப் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் இரண்டு விளக்கையும் முழுதாகக் கழற்றி எல்.இ.டி. மாட்டினேன். வெளிச்சம் பகல்போல இருந்தது. ஆனால் கொண்டை ஊசி வளைவு பதினெட்டிலும் எதிரே வந்தவர்களிடம் திட்டு வாங்கினேன். பட்டறையில் சுவரில் அடித்துப் பார்த்த பையன், “அண்ணாச்சி, கோடு வலப்பக்கம் ஏறுகிறது” என்றான். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கு அது. நமக்குக் கோடு இடப்பக்கம், ஓரத்தைப் பார்த்து ஏற வேண்டும். எதிர்வண்டி வரும் வலப்பக்கம் தாழ்ந்தே இருக்க வேண்டும்.

பட்டறையில் எல்லாரும் கோடு என்றுதான் சொல்கிறார்கள். ‘கொண்டை ஊசி வளைவு’ என்று பெயர் வைத்தவர் எந்த நிகண்டையும் புரட்டியிருக்க மாட்டார். கொண்டையைப் பார்த்திருப்பார்.

மேலூரிலிருந்து:

வாடிப்பட்டியாருக்கு என் வணக்கம். இரவு தூக்கம் போயிற்று. ‘கோடுதல்’ வளைதல். யானைக்குக் கோடு தந்தம், மலைக்குக் கோடு உச்சி, மரத்துக்குக் கோடு கிளை. இந்தக் கோடும் நேராகப் போய் ஓரிடத்தில் வளைந்து ஏறுகிறதே! அதுமட்டுமா, சுற்றந்தழால் அதிகாரத்தில் வள்ளுவர் கரையில்லாத குளத்தைச் சொல்லும்போது கரைக்கு ஆளும் சொல்லும் கோடுதான். கண்ட எல்.இ.டி. பல்பைப் பழைய விளக்குக்குள் செருகினால் ஒளி கரையுடைத்துப் பரவுவதற்கு அப்படியே பொருந்தும். ஒளிவரம்பைத் திரும்பப் பெறுகிறேன். ஒளிக்கோடு.

சென்னையிலிருந்து:

இயற்பியல் ஆசிரியர்கள் ஒளிக்கதிரோடு குழப்பிக்கொள்வார்கள். பதிவுக்காகச் சொல்கிறேன், சண்டைக்கு அல்ல. எனக்கும் நாளைக்குக் கெடு இருக்கிறது.

திருமங்கலத்திலிருந்து, புதன் இரவு:

ஒளிக்கோடு என்றே கொடுக்கிறேன். இனிப் பொறுக்க நேரமில்லை. கையேட்டில் இப்படி வருகிறது: “சமதரையில் ஜீப்பைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்து. விளக்கின் நடுமட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே ஒளிக்கோடு விழ வேண்டும். பின்னால் சுமை ஏற்றினால் மூக்குத் தூக்கிக் கோடும் மேலேறும். சுமையோடு மறுபடி பார்.” முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே கட்-ஆஃப் என்றும் போட்டிருக்கிறேன். மன்னிக்கவும்.

மேலூரிலிருந்து:

அச்சுப்படியில் ‘க்’ விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒளிகோடு என்று விட்டுவிட்டால் வினைத்தொகையாகி, ஒளிந்துகொள்கிற கோடு என்று பொருள்படும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

என் வாக்கு இன்னமும் வரம்புக்குத்தான்.