கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் மலையில் டென்ட் போட்டு ஒரு ராத்திரி தங்க எங்கே விடுவார்கள்?

தக்காளிமண்டி கேட்டது:

வணக்கம். நான் இருப்பது பாலக்கோடு. பொங்கல் லீவுக்கு அண்ணன் குடும்பம் பெங்களூரிலிருந்து வருகிறது. அண்ணன் பையனுக்கு மலையில் டென்டுக்குள் தூங்க வேண்டுமாம். அமெரிக்காவில் ஸ்டேட் பார்க் என்று மலைக்காட்டுக்குள்ளேயே நம்பர் போட்டு இடம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடுப்பு, மேசை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் வைத்து ராத்திரி வாடகைக்கு விடுகிறார்களே, அந்த வீடியோக்களைப் பார்த்துப் பிடித்த ஆசை. அண்ணன் டென்டையே வாங்கிவிட்டார், இடம் பார்ப்பது மட்டும் என் தலையில். அய்யூர், பெட்டமுகிலாளம், வத்தல்மலை, ஒகேனக்கல் ஆற்றங்கரை என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கே முறையாக அனுமதி கிடைக்கும்? கூட அம்மாவும் வருகிறார், அதனால் கழிப்பறை கட்டாயம் வேண்டும்.

ஊத்தங்கரை வண்டி:

இதுக்கெல்லாமா அனுமதி? பெட்டமுகிலாளம் போகிற வழியில் ரோட்டோரம் எங்கே வேண்டுமானாலும் சமதளம் கிடைக்கும். பசங்களோடு பைக்கில் போய் டென்ட் போட்டோம், நெருப்பு மூட்டிக் கோழி சுட்டோம், ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. மார்கழி, தை பனியில் அந்த இடம் ஊட்டி தோற்றுவிடும். யோசிக்காமல் கிளம்புங்கள்.

கோட்டைக்காரர்:

ஊத்தங்கரைத் தம்பி, கேட்கவில்லை என்றால் அன்றைக்கு ஆள் வரவில்லை, அவ்வளவுதான். நான் தேன்கனிக்கோட்டை, எங்கள் நிலமே காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த ரோட்டோரம் பெரும்பாலும் காப்புக்காடு. இந்த வட்டாரத்தில் 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று காட்டின் பெரும்பகுதி வன உயிரினச் சரணாலயமாகிவிட்டது. அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம், நெருப்பு வைத்தால் அது தனி வழக்கு. 2018-இல் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனியாக விதியே போட்டது.

வழக்கு கூடப் பரவாயில்லை. பொங்கல் சமயம் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் தெரியுமா? ஐப்பசி கார்த்திகையில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்கும். தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று பிரிந்து மேயும், மாசி வரைக்கும் முழுதாகத் திரும்பாது. ராகிக் கதிர் முற்றும் நேரமும் அதுதான். அறுத்துப் போர் போட்ட பிறகும் வாசனைக்கு வரும். நாங்களே பரண் மேல் உட்கார்ந்து டார்ச்சும் பட்டாசுமாக விடிய விடியக் காவல் காக்கிறோம், நீங்கள் கீழே ஒரு துணிக்குள் சின்னப் பையனைப் படுக்க வைத்து, உள்ளே வாழைப்பழமும் வெல்லமும் உப்பும் வேறு வைத்திருப்பீர்கள். யானைக்கு அதைவிட என்ன அழைப்பு வேண்டும்?

முறையாக வர வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, அய்யூரில் வனத்துறையின் சூழல் பூங்காவும் தங்கும் குடில்களும் இருக்கின்றன. ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்தில் கேட்டு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், கேட்காமல் வந்து கேட்டில் நின்று சண்டை போடாதீர்கள். ஆனால் அது குடில், டென்ட் இல்லை. இன்னொன்று, அரசு 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’. அதில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அய்யூரிலிருந்து சாமி ஏரிக்கு ஒரு பாதை, குத்திராயன் சிகரத்துக்கு ஒரு பாதை உண்டு. இணையத்தில் பணம் கட்டினால் உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். காலையில் ஏறி அன்றைக்கே இறங்கிவிட வேண்டும், ராத்திரி தங்க முடியாது. கோடையில் தீ பயத்துக்காக மூடிவிடுவார்கள், பொங்கலுக்கு அந்தப் பிரச்சினை இருக்காது.

அரூர் அக்கா:

அண்ணா சொன்னதுதான் சரி. ஆனால் பையன் கேட்பது டென்ட், குடிலைக் காட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். வத்தல்மலைக்குப் போங்கள் தம்பி. தருமபுரியிலிருந்து பக்கம், இருபதுக்கு மேல் கொண்டை ஊசி வளைவு, அம்மாவுக்கு வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். அரசுப் பேருந்தும் ஏறுகிறது. மேலே காப்பி, மிளகு, சில்வர் ஓக் மரம், நடுநடுவே சாமையும் ராகியுமாகக் குடியானவர்களின் சொந்த நிலம். யானை பயம் தளிப் பக்கம் மாதிரி இல்லை. சிலர் தோட்டத்தில் தங்க இடம் தருகிறார்கள், வீட்டுக் கழிப்பறையையும் பயன்படுத்திக்கொள்ளலாம். பட்டா நிலமா, காட்டு எல்லைக்கு இந்தப் பக்கமா என்று மட்டும் நேராகக் கேட்டுவிடுங்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒரு நாள் முன்னாடி யாராவது ஒருவர் போய் இடம் பார்த்து, காசு பேசி, சாப்பாடும் சொல்லிவிட்டு வருவது நல்லது. களியும் அவரைக்காய்க் குழம்பும் கேட்டால் செய்து தருவார்கள். இங்கிருந்து பிரியாணிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் அந்தப் பிளாஸ்டிக்கையெல்லாம் மலையில் போட்டுவிட்டு வராதீர்கள். சித்தேரி மலையும் அழகுதான், ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம்.

தக்காளிமண்டி:

அக்கா, ரொம்ப நன்றி, வத்தல்மலை என்றே வைத்துக்கொள்கிறேன். கோட்டை அண்ணா, யானை விஷயம் கேட்டதும் வீட்டில் அய்யூர் பேச்சே நின்றுவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். குளிர் எவ்வளவு இருக்கும்? டென்ட் போடுவதில் கவனிக்க என்ன இருக்கிறது? அண்ணன் இதுவரை மாடியில் மட்டும்தான் விரித்துப் பார்த்திருக்கிறார்.

பாறைமேல்பாய்:

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்பது கணக்கு. தருமபுரியே கடல் மட்டத்திலிருந்து நல்ல உயரத்தில் இருப்பதால் மேலே போனால் முழு 6 குறையாது, ஆனால் காற்று சேர்ந்தால் விடியற்காலையில் பல் கிட்டிவிடும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும், அதனால் போர்வையை இரண்டாக்குவதை விட்டுவிட்டுக் கீழே தடிமனான பாயோ ஃபோமோ போடுங்கள். இன்னொன்று, குளிருக்குப் பயந்து டென்டின் காற்று ஜன்னலை முழுக்க மூடிவிடுவார்கள். நாலு பேர் விடும் மூச்சு துணியில் பட்டு நீராகி, காலையில் போர்வை நனைந்து கிடக்கும், எல்லோரும் மழை பெய்தது என்பார்கள். மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள்.

நம் பக்கத்து மலைகளில் மேல் மண் அரை அடிகூட இருக்காது, கீழே பாறை. டென்டோடு வரும் மெல்லிய ஆணி வளைந்துவிடும். நைலான் கயிறு கூடுதலாக எடுத்துப்போய்ப் பெரிய கல்லில் கட்டுங்கள். அறுவடையான நிலம் என்றால் அறுத்த பயிரின் அடித்தாள் குத்தி அடித்துணி கிழியும், முதலில் தார்ப்பாய் விரியுங்கள். பள்ளத்தில் போடாதீர்கள், தனியாக நிற்கும் பெரிய மரத்தடியிலும் வேண்டாம்.

பாம்புக்கு ஜிப்தான் மருந்து. கட்டுவிரியன் ராத்திரியில் படுக்கைக்கே வரும், கடித்தால் வலிகூடச் சரியாகத் தெரியாது. உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் ஜிப்பை இழுத்து மூடுங்கள், செருப்பைத் தட்டிப் போடுங்கள், டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். தப்பித் தவறிக் கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவதெல்லாம் வேண்டாம், நேராகத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

யாரும் சொல்லாத ஒன்று: புதரோரப் புல்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி இருக்கிறது, அது கடித்து வருவது ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காயும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டது போல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் டாக்டரிடம் “மலையில் புல்தரையில் படுத்தோம்” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு, டைஃபாய்டு என்று சுற்றுவார்கள். மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் சீக்கிரம் சரியாகும். பையனுக்கு முழுக்கால் பேன்ட், சாக்ஸ்.

ஊத்தங்கரை வண்டி:

சரி, யானை சங்கதி எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெருப்பே இல்லாமல் டென்டில் என்ன இருக்கிறது?

அரூர் அக்கா:

தோட்டக்காரர் வாசலில் அடுப்பு எரியும், அதில் போய்க் குளிர் காயுங்கள் தம்பி. சில்வர் ஓக் சருகு காய்ந்து கிடக்கும் இடத்தில் தீ வைத்தால் காப்பிச் செடியோடு போய்விடும், அது அவர்களுடைய வருஷத்து வருமானம்.

கோட்டைக்காரர்:

ஒகேனக்கல் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் டென்ட் வேண்டாம். கர்நாடகத்தில் அணை திறந்தால் இங்கே மழையே இல்லாமல் தண்ணீர் ஏறும். பொங்கலுக்கு அவ்வளவு வராதுதான், ஆனால் முதலையும் உள்ள ஆறு. வத்தல்மலையிலிருந்து இறங்கி, பகலில் போய்ப் பரிசல் ஏறி, மீன் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். லைஃப் ஜாக்கெட் கொடுக்காத பரிசலில் ஏறாதீர்கள். பொங்கலன்றும் மறுநாளும் கூட்டம் நசுக்கிவிடும், அதற்கு முன்னாடி ஒரு நாள் பாருங்கள்.

தக்காளிமண்டி:

அப்படியானால் போகிக்கு முந்தின நாள் மலை, மறுநாள் ஒகேனக்கல். வருகிற ஞாயிறு நானே பைக்கில் ஏறி இடம் பேசிவிட்டு வருகிறேன். அக்கா, வத்தல்மலையில் பால்சிலம்புப் பக்கம் கேட்கலாமா, பெரியூர்ப் பக்கமா?

அரூர் அக்கா:

இரண்டிலும் கேளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.