பைக்குக்கு ஜம்ப் ஸ்டார்ட்டர்: வாங்கியவர்கள், பயன்படுத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். ஜம்ப் ஸ்டார்ட்டர் என்பது பேட்டரி இறங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யக் கையோடு எடுத்துப்போகும் கருவி. அதை வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 'பீக் ஆம்பியர்' எண்தான். 1000, 2000, 3000 என்று ஏறிக்கொண்டே போகும். பைக்கைப் பொறுத்தவரை அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது கிளாம்ப், அதாவது பேட்டரி முனையைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி.

கூட வந்த நண்பரின் வண்டி நெடும்பயணத்தில் பேட்டரி இறங்கி நின்றுவிட்டது. வழியில் ஒரு கார்க்காரர் நல்ல மனதோடு தன்னுடைய ஜம்ப் ஸ்டார்ட்டரை எடுத்துக் கொடுத்தார். பெரிய, வலுவான கருவி. ஆனால் நண்பரின் பேட்டரி சீட்டுக்கு அடியில் ஒரு குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். ப்ளஸ் டெர்மினலுக்கும் பக்கத்துச் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம்தான். அந்தக் கிளாம்ப்பின் ஒரு தாடை டெர்மினல் போல்ட்டைப் பிடிக்கப் போனால் மறு தாடை சட்டத்தில் இடிக்கிறது. பைக்கில் சட்டம் முழுவதும் மைனஸ். அங்கே ப்ளஸ் பட்டால் ஷார்ட்தான். கையில் கருவி இருந்தும் அரை மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் ஸ்டார்ட்டர் ரிலேயில் பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயர் சேரும் முனையில் சிவப்பையும், எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் கருப்பையும் மாட்டினோம். ஒரே அழுத்தில் வண்டி உயிர் பெற்றது.

அதன் பிறகு எனக்கு வாங்கும்போது, தாடை ஒல்லியாகவும் மூக்கு நீளமாகவும் இருக்கிறதா, வெளிப்புறம் முழுக்க ரப்பரோ பிளாஸ்டிக்கோ மூடியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். ஒயரின் நீளமும் முக்கியம். குட்டை ஒயராக இருந்தால் கருவியைச் சாய்ந்த டேங்க்கின் மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டே செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும்.

ஆம்பியர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பீக் என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் வரும் கரண்ட். வண்டியைச் சுழற்றுவது, சில நொடிகள் விடாமல் வரும் ஸ்டார்ட்டிங் கரண்ட். விவரத் தாளில் அது தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால் அந்த எண்ணை நம்பலாம். சிறிய ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு 100 ஆம்பியருக்குள் வேலை முடிந்துவிடும். பெரிய இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கு 200 வரை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது எம்ஏஎச், அதாவது கருவி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஒற்றை செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 74 வாட்-ஹவர். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியர்-ஹவர் சொச்சம்தான். போன் சார்ஜ் செய்ய அந்த எண் உதவும், செல்ஃப் அடிக்கும் பலத்தை அது சொல்லாது.

* * *

அண்ணா சொன்ன கிளாம்ப் விஷயம் நூற்றுக்கு நூறு. நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

வெளியூர் போய்விட்டுப் பல வாரம் கழித்து வந்தேன். வண்டியில் ஜிபிஎஸ் டிராக்கர் இருக்கிறது, அது சொட்டுச் சொட்டாகப் பேட்டரியை உறிஞ்சியிருக்கிறது. மீட்டரில் வெளிச்சமே இல்லை. ஜம்ப் ஸ்டார்ட்டரை மாட்டினால் அதன் விளக்கு மினுக்குகிறதே தவிர கரண்ட் தர மறுக்கிறது. கருவியில் பழுது இல்லை. இந்த 'ஸ்மார்ட்' கிளாம்ப்கள் எதிர்முனையில் கொஞ்சமாவது வோல்ட்டேஜ் தெரிந்தால்தான் பேட்டரி இருக்கிறது என்று புரிந்துகொண்டு வழிவிடும். அடியோடு இறங்கிய பேட்டரி அதன் கண்ணுக்குத் தெரியாது.

இதற்காகத்தான் 'பூஸ்ட்' பட்டன். அழுத்திப் பிடித்தால் அந்தச் சோதனையைத் தாண்டி நேராகக் கரண்ட் வரும். ஆனால் பல கருவிகளில் பூஸ்ட் போட்டதும் தலைகீழாக மாட்டினால் காப்பாற்றும் பாதுகாப்பு, ஷார்ட் பாதுகாப்பு எல்லாம் விலகிவிடும். சிவப்பு ப்ளஸ்ஸில், கருப்பு மைனஸில் என்று டார்ச் அடித்து இரண்டு தடவை பார்த்த பிறகே அழுத்தினேன். பூஸ்ட் பட்டன் இல்லாத மாடலை யாரும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பைக் பேட்டரி சின்னது, அடியோடு இறங்க அதிக நாள் ஆகாது.

* * *

நான் வண்டி வேலை பார்க்கிறவன். ஜம்ப் ஸ்டார்ட்டர் கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாத்துக்கும் அதையே எடுக்காதீங்க.

செல்ஃப் அழுத்தினா டக்டக்டக்னு ரிலே அடிச்சு, ஹெட்லைட் மங்கிப் போச்சுன்னா பேட்டரிதான். லைட் பளிச்சுன்னு எரியுது, ஹாரன் கணீர்னு கேக்குது, செல்ஃப் மட்டும் சத்தமே இல்லைன்னா, கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், இதெல்லாம் முதல்ல பாருங்க. ஜம்ப் கொடுத்து ஒண்ணும் ஆகாது.

வோல்ட்டேஜ் அளக்க சின்ன மல்டிமீட்டர் ஒண்ணு கூடவே வெச்சுக்கங்க. சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி முழுசா சார்ஜ் ஆகி ஓய்வா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல காட்டும். 12-க்கு வந்தா கிட்டத்தட்ட காலி. ஜம்ப் கொடுத்து வண்டி ஓட ஆரம்பிச்சதும் ஆக்சிலேட்டரை லேசா முறுக்கி மறுபடி வெச்சுப் பாருங்க. 13.5-லிருந்து 14.5-க்குள்ள வரணும். வரலைன்னா சார்ஜிங் சரியில்லை, ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரோ ஸ்டேட்டர் காயிலோ போயிருக்கும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிக்கும்.

இன்னொண்ணு. சார்ஜர் மாட்ட வசதியா பேட்டரியிலிருந்து ஒரு சின்ன ஒயர் வெளிய தொங்கவிட்டிருப்பாங்க. அது வழியா ஜம்ப் கொடுக்காதீங்க. அதுல இருக்கிற ஃபியூஸ் 10 ஆம்பியர், 15 ஆம்பியர்தான், அழுத்தின நொடியில போயிடும். லித்தியம் பேட்டரி போட்டவங்க, பேட்டரி கம்பெனி குறிப்புல ஜம்ப் பண்ணலாமா கூடாதான்னு படிச்சிட்டுத்தான் தொடணும். பழைய 6 வோல்ட் வண்டியில இந்த 12 வோல்ட் கருவியை வைக்கவே கூடாது.

செல்ஃபை மூணு நாலு செகண்டுக்கு மேல பிடிச்சு இழுக்காதீங்க. எடுக்கலைன்னா அரை நிமிஷம் விட்டு அடுத்தது. ஸ்டார்ட் ஆனதும் கருப்பை முதல்ல கழட்டுங்க, அப்புறம் சிவப்பு.

* * *

சூப்பர் கெபாசிட்டர் வகையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் வைத்திருப்பது அதுதான். இறங்கிய பேட்டரியில் மிச்சமிருக்கும் சக்தியையே சில நிமிடம் உறிஞ்சிச் சேர்த்து, மொத்தமாக ஒரே வீச்சில் திருப்பிக் கொடுக்கும். மாதக்கணக்கில் மறந்து போட்டிருந்தாலும் கவலையில்லை. கோடை வெயிலில் பெட்டிக்குள் கிடந்தாலும் லித்தியம் செல் போல உப்பாது. குறை என்னவென்றால், பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் பவர் பேங்க்கிலோ வேறு எதிலோ முதலில் கருவியைச் சார்ஜ் செய்ய வேண்டும். பெரும்பாலும் ஒரு முயற்சிக்குத்தான் தாங்கும், மறுபடி சேர்க்க வேண்டும். தினமும் ஓடும் வண்டிக்கு எனக்கு இது போதுமானதாக இருக்கிறது.

* * *

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். என்னுடையது ஃபியூயல் இன்ஜெக்ஷன் ஸ்கூட்டர், கிக்கர் கிடையாது. சின்ன வண்டிக்கு இதெல்லாம் தேவையா, தள்ளி ஸ்டார்ட் செய்தால் ஆகாதா?

* * *

தம்பி, உங்களுக்குத்தான் அதிகம் தேவை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் சக்கரம் சுற்றினால் எஞ்சின் சுற்றாது, அதனால் தள்ளி ஸ்டார்ட் செய்ய வழியே இல்லை. கியர் வண்டியாக இருந்தாலும் இன்ஜெக்ஷன் என்றால் பெட்ரோல் பம்ப்பும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியூவும் வேலை செய்யக் கொஞ்சம் கரண்ட் வேண்டும். பேட்டரி முழுக்கப் போயிருந்தால் எவ்வளவு தூரம் தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம்.

உங்கள் வண்டிக்கு ஆகச் சிறிய மாடலே தாராளம். லித்தியம் வகைக் கருவி என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துச் சார்ஜ் போடுங்கள், பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். உடல் உப்பலாகத் தெரிந்தால் அதைத் திரும்பத் தொடக்கூடாது. விமானத்தில் எடுத்துப் போவதாக இருந்தால் 100 வாட்-ஹவருக்குள் பார்த்து வாங்குங்கள், கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் உங்கள் சீட் எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். பட்டன் அழுத்தித் திறக்கும் மின்சாரப் பூட்டு என்றால், பேட்டரி போன அன்று சீட்டும் திறக்காது. உள்ளே வைத்த ஜம்ப் ஸ்டார்ட்டரும் உள்ளேயே இருக்கும். அப்படிப்பட்ட வண்டிகளில் சாவியால் திறக்கவோ கேபிளை இழுத்துத் திறக்கவோ பொதுவாக ஒரு மாற்று வழி வைத்திருப்பார்கள். கையேட்டில் அது எங்கே என்று கண்டுபிடித்து ஒரு தடவை திறந்து பழகிக்கொள்ளுங்கள். கருவியை மட்டும் முன்பக்கப் பெட்டியிலோ தோள் பையிலோ வையுங்கள்.