அவசரம்: ஏர் கூல்டு வேன், ஆயில் கொதிக்கிறது, சனிக்கிழமை ஏலகிரி

வேலப்பாடி வேன்:
சனிக்கிழமை குடும்பத்தோடு ஏலகிரி கிளம்புகிறோம். பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன், தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே குளிரும் எஞ்சின். நேற்று பள்ளிகொண்டா தாண்டியதும் ஆயில் சூட்டு மீட்டர் 130 டிகிரி. ஓரம் கட்டி ஐடிலில் விட்டால், ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் ஆயில் லைட் மினுக்குகிறது. வெளியே தனியாக ஆயில் கூலர் மாட்டலாம் என்று இருக்கிறேன். எது நல்லது, என்ன விலை? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆற்காடு அன்வர்:
எந்த வருஷ மாடல் அண்ணா? 1600 எஞ்சினா, 1700ஆ? என்ன ஆயில்? மீட்டருக்கு சென்சார் எங்கே மாட்டியிருக்கிறது? 130 என்பது எந்த இடத்துச் சூடு என்று தெரியாமல் என்ன சொல்வது?

புல்லட் பாண்டியன்:
ஏர் கூல்டு என்றால் எல்லாம் ஒன்றுதான். 20டபிள்யூ50 ஆயிலை எடுத்துவிட்டு, கெட்டி ஆயிலான ஸ்ட்ரெயிட் 50 ஊற்றுங்கள், லைட் அணைந்துவிடும். 22 வருஷமாக புல்லட் ஓட்டுகிறேன், ஒரு நாள் ஆயில் லைட் எரிந்ததில்லை. (பழைய புல்லட்டில் ஆயில் லைட்டே கிடையாதே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.)

ஸ்பேனர் சித்தப்பா:
கோடை வந்தால் இதே கேள்வி. பழைய இழையைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பாண்டியன், நீங்கள் சொல்வது நேர் எதிர். இந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருக்கும்வரை பிரஷர் ஏறி ரிலீஃப் வால்வு திறந்தே இருக்கும். எஞ்சினிலேயே இருக்கும் கூலர் பக்கம் போகாமல் ஆயில் நேரே பேரிங்குக்குப் போய்விடும். வியர்க்கிறது என்பவனுக்குக் கம்பளி போர்த்துகிறீர்கள்.

கார்ப் கண்ணன்:
கார்புரேட்டர் லீனாக (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். இல்லையென்றால் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். பிளக்குக்குப் பொறி அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டர் 009 மாடலாக இருந்தால் டைமிங் 3500 ஆர்பிஎம்மில் 28 முதல் 32 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் ஹெட் காயும், ஹெட் காய்ந்தால் ஆயிலும் காயும்.

ஜவ்வாது ரைடர்:
பல்சர் 220 கூலரைக் கழற்றி மாட்டுங்கள். வேலை முடிந்தது.

ஸ்பேனர் சித்தப்பா:
220 சிசி வண்டியின் கூலரை 1600 சிசிக்கு. நல்லது. ஏலகிரி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரி வளைவு வந்ததும் வேனை முல்லைக் கொடிக்குக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் இறங்கிவிடலாம்.

ஜவ்வாது ரைடர்:
சித்தப்பா, அது வேலூர் மலை, எங்களுக்கும் தெரியும்.

கந்திலி கோபி:
ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம். 2019லேயே பிரிந்தாகிவிட்டது.

ஜவ்வாது ரைடர்:
1989 வரைக்கும் திருவண்ணாமலைகூட எங்களோடுதான் இருந்தது நைனா. வட ஆற்காடு என்று சொன்னால் எல்லாம் அடக்கம்.

கந்திலி கோபி:
அப்போது வரியையும் வட ஆற்காட்டிலேயே போய்க் கட்டுங்கள்.

வேலப்பாடி வேன்:
1974, 1600. மாமா வாங்கிய வண்டி, டைமிங் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆயில் 20டபிள்யூ50, இரண்டரை லிட்டர், புதுசு. சென்சார் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில். ஆயில் ஃபில்டர் தேடினேன், காணோம். அடியில் 6 நட்டு போட்ட வட்டத் தகடுதான் இருக்கிறது. போன மாதம் எஞ்சினை இறக்கி முழு பெயிண்ட் அடித்தோம், அதுவரை இந்தத் தொல்லை இல்லை. கூலர் விலையை யாருமே சொல்லவில்லையே?

ஆற்காடு அன்வர்:
ஃபில்டர் இல்லாதது சரிதான், 1600க்கு அந்தத் தகட்டுக்கு மேலே இருக்கும் சல்லடைதான். ஆனால் பெயிண்ட் கதையை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா அண்ணா!

எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே சுற்றிலும் ஒரு ரப்பர் பட்டி ஓடும். அது இருக்கிறதா பாருங்கள். ஃபேன் மேலே இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்து, சிலிண்டர் மேல் ஊதி, சூடான காற்றைக் கீழே தள்ளும். பட்டி இல்லையென்றால் அந்தச் சூடு இடுக்கு வழியாகத் திரும்ப மேலே ஏறும், அதையே ஃபேன் மறுபடி இழுக்கும். கூலருக்கும் அந்தக் காற்றுதான். அதற்கு மேல் எத்தனை கூலர் மாட்டி என்ன? சுற்றியிருக்கும் டின் தகடு ஒன்று விட்டுப்போனாலும் இதே கதி. எஞ்சினுக்குக் காற்று போகும் பின் ஜன்னல் ஓரத்துத் துளைகளைப் படுக்கை, மூட்டை எதுவும் அடைக்கவில்லையே?

எஞ்சின் அறைக்குள் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டித் தொங்கவிட்டு ஆம்பூர் வரை ஓட்டிப் பாருங்கள். வெளிச்சூட்டைவிட ரொம்ப அதிகம் காட்டினால் இதுதான்.

ஸ்பேனர் சித்தப்பா:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

கார்ப் கண்ணன்:
டைமிங்கையும் பார்த்துவிடுங்கள்.

வேலப்பாடி வேன்:
வெளியே 39, உள்ளே 66. பட்டி இல்லை. பெயிண்டரைக் கேட்டேன், இற்றுப்போன ரப்பர் என்று தூக்கிப்போட்டாராம்.

புல்லட் பாண்டியன்:
இருந்தாலும் ஆயிலை மாற்றியிருக்கலாம்.

வேலப்பாடி வேன்:
ரப்பர் போட்டாச்சு. ஏலகிரி ஏறி இறங்கியாச்சு. ஆயில் மேலே போகும்போது 115, ரோட்டில் 105. நன்றி அன்வர் தம்பி.

கார்ப் கண்ணன்:
டைமிங் பார்த்தீர்களா?

ஜவ்வாது ரைடர்:
ரப்பர் எங்கே வாங்கினீர்கள்? காட்பாடியில் கிடைக்குமா?

கார்ப் கண்ணன்:
அண்ணா?