அமெரிக்க ஆய்வு பட்ஜெட் அட்டவணை: ஒப்பிடுவது எப்படி?

வணக்கம். பொது நிர்வாக முதுகலைக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். அமெரிக்காவின் என்.ஐ.டி.ஆர்.டி. (NITRD: கணினி வலையமைப்பு, தகவல் தொழில்நுட்ப ஆய்வு மேம்பாட்டு) திட்டம்தான் தலைப்பு. 1991 உயர்திறன் கணினிச் சட்டத்தில் பிறந்தது. நாசா, டார்பா (பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை), தேசிய அறிவியல் அறக்கட்டளை எனப் பல அமைப்புகளின் கணினி ஆய்வை ஒருங்கிணைக்கிறது. ஆனால் ஆய்வுப் பணம் அவரவர் பட்ஜெட்டில்தான். சமையல் குறிப்பு ஓரிடத்தில், அரிசி பருப்பு பத்து வீட்டில்!

அதிபரின் பட்ஜெட்டோடு வரும் துணை ஆவணத்தில் ஓர் அட்டவணை உண்டு: அமைப்புகள் கீழ்நோக்கி, ஆய்வுப் பிரிவுகள் குறுக்கே. சிக்கல் என்னவென்றால், பிரிவுகளின் பெயரும் எல்லையும் அவ்வப்போது மாறுகின்றன. பழைய ஆண்டையும் புதியதையும் எக்ஸெலில் பக்கத்தில் வைத்தால் கணக்கு இடிக்கிறது. மூன்று நாளாக மல்லாடுகிறேன். பிரிவுகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு அமைப்பின் மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏற்பார்களா? இந்த ஆவணங்களோடு பழகியவர்கள் யாராவது சொல்லுங்களேன். ஞாயிறுக்குள் வரைவு கொடுக்க வேண்டும்.