ஏரி ஆய்வில் மனதை விட்டுப் போகாத நாள் எது? அனுபவங்களைப் பகிருங்கள்

படகுத்துறை:
14 மீட்டர் ஆழத்தில் இருந்து எடுத்த நீரின் நாற்றம் எனக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. வெயில் காலத்தின் கடைசி நாட்கள். குப்பியின் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை. மீட்டரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். படகு ஓட்டி வந்த பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன தம்பி, அடியில ஏரி செத்துப்போச்சா?" என்றார். "இல்லைங்க ஐயா, வெயில் காலத்துல அடித்தண்ணி இப்படித்தான். மேல் தண்ணி நல்லா இருக்கு" என்றேன். பொய் இல்லை. சூடான நீர் மேலே, குளிர்ந்த நீர் கீழே என்று பிரிந்துவிட்டால் கீழ் அடுக்குக்குக் காற்று எட்டாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பன்னிரண்டு நாள் கழித்து இரவு முழுக்கப் பலத்த காற்று. விடிந்ததும் போனால் கரை ஓரம் எங்கும் மீன் வயிறு வெள்ளை வெள்ளையாக. பெரியவர் மீன் வளர்த்த மிதவைக் கூண்டும் போய்விட்டது. அவர் கரையில் நின்றிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்தண்ணீர் கிளறி மேலே வரக்கூடும் என்று அன்றே சொல்லியிருந்தால் கூண்டை வேறு பக்கம் இழுத்திருப்பார்.

பாசி:
காற்று மட்டும் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். பாசி அடர்ந்த ஏரியில் காற்றே இல்லாத இரவிலும் மீன் சாகும். பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் அதே பாசி இரவில் அதை இழுத்துக்கொள்ளும். விடியலுக்குச் சற்று முன்தான் மிக மோசம். அன்றைக்கு விடியற்காலை அளவு எடுத்தீர்களா?

என் கதை சின்னது. ஒரு பருவம் முழுக்க செக்கி தட்டு இறக்கினேன், கயிற்றில் கட்டி இறக்கி எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்து நீரின் தெளிவை அளக்கும் தட்டு. நீர் தெளிந்துகொண்டே வருகிறது என்று அறிக்கையும் போய்விட்டது. பிறகு ஒரு நாள் ஈரக் கயிற்றைத் தரையில் நீட்டி டேப் வைத்துப் பார்த்தால் 5 மீட்டர் அடையாளம் 4.7-இல் நிற்கிறது. பருத்திக் கயிறு, நனைந்து நனைந்து சுருங்கிவிட்டது. ஏரி தெளியவே இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பருத்திக் கயிறு வேண்டவே வேண்டாம். நீளாத, சுருங்காத கயிறு வாங்கி, அதையும் மாதம் ஒரு முறை நனைத்து அளந்து பாருங்கள். படகின் நிழல் பக்கத்தில் இறக்குங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். தட்டு மறையும் ஆழம் ஒன்று, மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழம் ஒன்று. இரண்டின் சராசரியைத்தான் எழுத வேண்டும். பத்து மணிக்கு முன்னும் மூன்று மணிக்குப் பின்னும் வேண்டாம், வெயில் சாய்ந்துவிடும். முடிந்தவரை ஒரே ஆளின் கண் பார்க்கட்டும். ஆஞ்செலோ செக்கி 1865-இல் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த முறை இது. இவ்வளவு எளிய கருவி என்பதால்தான் கவனக்குறைவு வருகிறது.

வண்டல்:
அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் நாற்றத்தோடு நிற்காது. வண்டலில் இரும்போடு ஒட்டியிருக்கும் பாஸ்பரஸும் கழன்று நீருக்குள் வந்துவிடும். அடுத்த பாசிக்கு அதுதான் தீனி. 0.2 பார்த்த அன்றே அதையும் அளந்திருக்கலாம்.

சரி, என் விஷயம். ஏரியின் அடியில் இருந்து குழாயில் எடுத்த வண்டலை ஒவ்வொரு சென்டிமீட்டராக அறுத்துக்கொண்டிருந்தேன். கதிரியக்கச் சீசியம்-137 உச்சம் வந்த அடுக்கு 1963, அணுகுண்டுச் சோதனைகளின் தூசு படிந்த வருடம். அதற்குச் சற்று மேலே டாஃப்னியா என்ற மிகச் சிறிய நீர்த்தெள்ளின் முட்டை உறைகள், கறுப்பாக, சேணம் போல. கழுவி, சுத்தமான நீரில் போட்டு, வெளிச்சத்தில் வைத்தேன். ஒன்பதாம் நாள் ஒன்று பொரிந்தது. நுண்ணோக்கியில் அதன் இதயம் துடிப்பதைப் பார்த்தேன். நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன தாயின் குட்டி அது. மூன்றாம் நாள் விளக்கின் சூட்டில் செத்துவிட்டது. விளக்கைத் தள்ளி வைத்திருக்க வேண்டும். எத்தனை வருடம் ஆகிவிட்டது, அந்தத் துடிப்பு கண்ணை விட்டுப் போகவில்லை.

கெண்டை:
பாசி சொன்ன கயிற்று விஷயம் சரிதான். ஆனால் தெளிவை அளந்தால் மட்டும் போதாது, பாசியில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். அதில்தான் நான் தவறினேன்.

மாணவனாக இருந்தபோது கரையில் நீர் வடிகட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பெயிண்ட் கொட்டியது போலப் பச்சை. ஒரு அம்மா பாத்திரத்தோடு வந்து, "காய்ச்சிக் குடிச்சா சரியாயிடும்ல, தம்பி?" என்று கேட்டார். "காய்ச்சினா போதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கிருமி சாகும் என்ற நினைப்பு. நீலப்பச்சைப் பாசியின் மைக்ரோசிஸ்டின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. நீர் வற்ற வற்ற நஞ்சின் செறிவு கூடும். கொதிக்கும்போது பாசியின் செல்கள் உடைந்து உள்ளே இருக்கும் நஞ்சும் வெளியே வரும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்துக் குழாய் நீரில் இந்த நஞ்சு வந்தபோது, காய்ச்ச வேண்டாம் என்றுதான் மக்களுக்குச் சொன்னார்கள். அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மாவை மறுபடி தேடினேன், கிடைக்கவில்லை.

வண்டல், பாஸ்பரஸ் பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். கனடாவின் 226-ஆம் எண் ஏரியை நடுவே திரை கட்டிப் பிரித்து, இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டு, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையானது. வானில் இருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

படகுத்துறை:
பாசி, விடியற்காலை அளவு எடுக்கவில்லை. நீங்கள் சொன்னதும் சேர்ந்தே நடந்திருக்கலாம்.

அடுத்த வருடமும் அதே பெரியவர்தான் படகு ஓட்டினார். மீட்டரின் திரையை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கெட்ட தண்ணி எந்த ஆழம் வரைக்கும் ஏறி வந்தா நான் கூண்டை இழுக்கணும்?" என்று கேட்டார். அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. அவருடைய கூண்டின் ஆழத்தையும் அந்த ஏரியின் பழைய அளவுகளையும் பார்த்துவிட்டு, 8 மீட்டர் என்று மறுநாள் சொன்னேன். என் கயிற்றை வாங்கி 8 மீட்டர் அடையாளத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். அதை நான் அவிழ்க்கவே இல்லை.