செய்முறை எழுதாத படத்துக்கு இடமில்லை: இந்த விதி நமக்குத் தேவையா?

காகிதக்கூழ் (சென்னை):

நாடகம், குறும்படம், பள்ளி ஆண்டு விழா, காமிக் கான் என்ற ரசிகர் விழா என்று ஏதாவது ஒன்றுக்காக வாளும் கிரீடமும் கவசமும் செய்துகொண்டிருக்கும் நாம் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் அடைந்து கிடக்கிறோம். வாரம் தவறாமல் யாராவது ஒருவர் வந்து, "தெர்மாகோல் மேல் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன், குழி குழியாகக் கரைந்துவிட்டது" என்கிறார். யாராவது ஒருவர், "முதலில் வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து இரண்டு மூன்று பூச்சு கொடுத்துக் காயவையுங்கள், அதன் மேல் நிறம் அடியுங்கள்" என்று பொறுமையாகச் சொல்கிறார். மாலைக்குள் அந்தப் பதிலைப் பிறந்தநாள் வாழ்த்துகள் மூடிவிடுகின்றன. அடுத்த வாரம் அதே கேள்வி.

என் யோசனை இதுதான். அரட்டை குழுவிலேயே நடக்கட்டும். செய்முறைகளுக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கக்கூடிய ஒரு தளம் அமைப்போம். அங்கே ஒரே ஒரு விதி: முடிந்த பொருளின் படத்தை மட்டும் போடக் கூடாது. என்ன பொருளில் செய்தீர்கள், எங்கே கிடைத்தது, எந்த வரிசையில் செய்தீர்கள், எது சொதப்பியது என்று பத்து வரியாவது கூடவே இருக்க வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

செட்டுக்காரன் (சென்னை):

நான் இதற்கு உடன்பட மாட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் சினிமாவுக்கும் விளம்பரப் படங்களுக்கும் ப்ராப்பர்ட்டி, அதாவது காட்சியில் வரும் பொருள்கள், செய்து பிழைப்பவன். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, எனக்கு வீட்டு வாடகை. புதுத் தகரத்தைப் பழைய தகரமாகக் காட்டுவது, ஃபோமில் செய்த கத்தியை இரும்பாகக் காட்டுவது எல்லாம் என் ஆசானிடம் தூரிகை கழுவிக் கழுவிக் கற்றவை. அதைப் பத்து வரியில் எழுதிப் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? தயாரிப்பு நிர்வாகி செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டுவார். "இங்கே பாருங்கள், சரக்குச் செலவே முந்நூறு ரூபாய்தான் என்று போட்டிருக்கிறது, நீங்கள் என்ன மூவாயிரம் கேட்கிறீர்கள்?" என்பார். செய்கூலி என்று ஒன்று இருப்பது அந்தப் பத்து வரியில் தெரியாது.

படம் போடுவேன். நான்கு பேர் பார்த்தால் வேலை வரும். செய்முறை கேட்டால் வெளியே போய்விடுவேன்.

சூடுபசை (கோயம்புத்தூர்):

அண்ணன் சொல்லும் காரணத்துக்காக இல்லாவிட்டாலும் நானும் எதிர்ப்புதான். கல்லூரித் தேர்வுக்கு நடுவே இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு தலைக்கவசம் முடிக்கிறேன். முடித்த கையோடு படம் எடுத்து நண்பர்களிடம் காட்டத் தோன்றுகிறது. அப்போது வந்து "பொருள் பட்டியல் எங்கே, வரிசை எங்கே" என்று கேட்டால், செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டு எழுதிய நினைவுதான் வரும். புதிதாக வருகிறவர்கள் பயந்தே ஓடிவிடுவார்கள். அதோடு, இதெல்லாம் யூடியூபில் இல்லையா என்ன?

காகிதக்கூழ்:

யூடியூபில் இருக்கிறது தம்பி. குளிர்நாட்டில் இருந்துகொண்டு எடுத்தது. அவர்கள் முப்பரிமாண அச்சில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அழகாகச் செய்து காட்டுகிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். மே மாதம் நண்பகலில் சென்னையில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அதை வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள், வாள் அரிவாளாக வளைந்திருக்கும். குளூ கன்னால் ஒட்டிய மூட்டுகளும் அதே காரில்தான் விட்டுப்போகும். இதை யார் சொல்லித் தருகிறார்கள்? ஈ.வி.ஏ. ஃபோம் என்ற மெத்தென்ற ஷீட்டுக்கு வெளிநாட்டுக் கடை பெயரைச் சொல்வார்கள். நமக்கு அது பெரியமேட்டில் செருப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் என்பதுதான் தெரிய வேண்டும். காகிதக்கூழில் வெந்தயம் அரைத்துச் சேர்த்தால் பூச்சி அரிக்காது, புளியங்கொட்டைப் பசை ஊற்றினால் கெட்டிப்படும் என்பதெல்லாம் நம் பாட்டிமார் கூடை செய்த கைப்பக்குவம். அது எந்தக் காணொளியில் வந்தது?

விதி இருந்தால் மகிழ்ச்சி போய்விடும் என்பதையும் நான் நம்பவில்லை. ஸ்டார் வார்ஸ் வில்லன்களின் உடைகளைச் செய்து அணியும் 501ஆம் லீஜன் என்ற குழு 1997இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஒவ்வோர் உடைக்கும் எந்தப் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிய குறிப்பு நூலகமே வைத்திருக்கிறார்கள், அதன்படி செய்தால்தான் உறுப்பினராகலாம். இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறார்கள்.

சூடுபசை:

அவர்கள் எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே உடையைச் செய்கிறவர்கள். அங்கே அளவுகோல் தேவை. நம் குழுவில் ஒருவர் காட்டேரி செய்கிறார், ஒருவர் கட்டபொம்மன் வாள் செய்கிறார், ஒருவர் தம்பி பிறந்தநாளுக்கு டைனோசர் தலை செய்கிறார். எதோடு எதை ஒப்பிடுவது?

நாடக டீச்சர் (திருச்சி):

நீங்கள் மூவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். நான் பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள். எனக்கு அழகு இரண்டாம்பட்சம், கை பத்திரமாக இருக்க வேண்டும்.

நம் குழுவிலேயே சென்ற மாதம் ஒருவர், கையை அச்செடுக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாளியில் கையை விட்டுக் காத்திருக்கலாம் என்று எழுதினார். பதினாறு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அந்தப் பொடி தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சூடாகும். கனமாகக் கொட்டினால் 60 டிகிரிவரை போகும், இறுகிவிட்டால் கையை எடுக்கவும் முடியாது. 2007இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு பள்ளி மாணவி இப்படித்தான் கையை விட்டு, விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். கை அச்சுக்குப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆல்ஜினேட் என்ற அச்சுப் பொடி இருக்கிறது. அந்த அச்சுக்குள் பிளாஸ்டர் ஊற்றினால் போதும்.

இன்னொன்று. சூப்பர் குளூ சிந்தினால் பஞ்சால் துடைக்காதீர்கள். பஞ்சோடு சேர்ந்தால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும். பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட் என்ற நஞ்சு) கலக்கிறவர்கள் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

ஆகவே செய்முறை எழுதுவதா வேண்டாமா என்பதை நீங்கள் பேசித் தீருங்கள். எழுதினால், "எது ஆபத்து" என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். எழுதப்பட்டதைத் தெரிந்தவர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். தவறான செய்முறையை ஒழுங்காக அடுக்கி வைப்பதைவிட அது அரட்டையில் தொலைந்துபோவதே நல்லது.

மட்டக்களப்பான்:

டீச்சர் சொன்னதை வழிமொழிகிறேன். என் கவலை வேறு. எங்கள் பக்கம் வடமோடி என்ற கூத்து வகைக்குக் கரப்புடுப்பு என்று ஒன்று கட்டுவார்கள். வளையங்கள் வைத்து இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும் உடை. அதை எப்படிக் கட்டினால் ஆடுகிறவனின் காலைத் தட்டாது என்பது கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கும் உடுப்புக் கட்டுகிறவர்களுக்கும் தெரியும். தமிழகத் தெருக்கூத்திலும் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் புஜக்கட்டை என்ற தோள் அணியும் கிரீடமும் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதிப்பவர்கள் இருக்கிறார்கள். விடிய விடிய தலையில் தாங்க வேண்டும் என்பதால்தான் அந்த மரம்.

இப்போது ஒருவர் கூத்துக் களரிக்குப் போய், நான்கு படம் எடுத்து, அளவெடுத்து, "நான் கண்டுபிடித்த முறை" என்று தளத்தில் போட்டால் அதற்குப் பெயர் பகிர்வா? கிரீடத்தை ஃபோமில் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்த ஊரில், யாரிடம் பார்த்தது, அவர் சம்மதித்தாரா என்பது முதல் வரியில் இருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

செட்டுக்காரன்:

தம்பி, இதைத்தான் நானும் சொல்கிறேன். கூத்துக்காரருக்குச் சம்மதம் கேட்க வேண்டும், சினிமாத் தொழிலாளியிடம் மட்டும் விதி போட்டு வாங்கிவிடலாமா?

இன்னொரு கேள்வி. நான் களிமண்ணில் செதுக்கி, சிலிகான் அச்செடுத்து, ஒரு முகமூடி வார்த்து விற்கிறேன். வாங்கியவன் அதன் மேலேயே இன்னோர் அச்செடுத்துப் பாதி விலைக்கு விற்கிறான். வெளிநாட்டு ப்ராப் குழுக்களில் இதை ரீகாஸ்ட் என்று சொல்லி, அப்படி நகலெடுத்தவனை வெளியேற்றுகிறார்கள். இங்கே என்ன செய்வீர்கள்? அச்செடுக்கும் வித்தையையும் நீங்களே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்.

காகிதக்கூழ்:

ரீகாஸ்ட் செய்கிறவரை நீக்குவது என்பதை விதியாகவே எழுதிவிடலாம், எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அச்செடுக்கும் வித்தையையும் உங்கள் சிற்பத்தையும் ஒன்றாக்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டம் (1957) உங்கள் சிற்பத்தைக் காக்கும், நீங்கள் எழுதிய குறிப்பையும் எடுத்த படத்தையும் காக்கும். செய்முறையைக் காக்காது. சல்ஃபர் கலந்த களிமண்ணின் மேல் பிளாட்டினம் வகை சிலிகானை ஊற்றினால் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். இதை அறியாமல் விலை உயர்ந்த சிலிகானைக் கொட்டி வீணாக்கிய ஒரு கல்லூரி மாணவனுக்கு இந்த ஒரு வரியைச் சொல்வதால் உங்கள் வேலை எப்படிப் போகும்? அவன் உங்கள் தயாரிப்பு நிர்வாகியிடம் கூலி கேட்கப் போகிறவன் இல்லை.

செட்டுக்காரன்:

அவன் போகமாட்டான். அவனுக்கு அடுத்து வருகிறவன் போவான். சினிமாவுக்குள் பாதிப் பேர் அப்படித்தான் வந்தோம்.

சூடுபசை:

சரி, எல்லாரும் எழுதுவதாகவே வைத்துக்கொள்வோம். எங்கே வைப்பது? முகநூல் குழுவில் போட்டால் போதாதா, தனித் தளத்துக்குப் பணம் யார் கட்டுவது?

காகிதக்கூழ்:

யாஹூ குழுமங்கள் என்ற இணைய மடல் குழுக்களில் தமிழர்களும் ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்தார்கள். 2019 டிசம்பரில் பழைய உள்ளடக்கத்தை நீக்கத் தொடங்கினார்கள், 2020 டிசம்பரில் மொத்தமாக மூடிவிட்டார்கள். படங்களை ஏற்றி வைக்கும் ஃபோட்டோபக்கெட் தளம் இன்னும் மோசம். பொழுதுபோக்குக் குழுக்களின் செய்முறைப் படங்கள் எத்தனையோ அதில்தான் இருந்தன. 2017இல், வேறு தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 399 டாலர் கட்டு என்றார்கள். ஒரே வாரத்தில், "கீழே படத்தில் உள்ளபடி வெட்டவும்" என்ற வரி இருக்கிறது, படம் இல்லை. எழுத்தும் படமும் நம் கையில் ஒரு நகலாக இல்லாவிட்டால் நமக்கும் அதுதான் நடக்கும். இடத்துக்கு முதல் ஆண்டுப் பணத்தை நான் கட்டுகிறேன். மாதம் ஒருமுறை முழு நகலையும் இரண்டு பேர் தனித்தனியாகத் தங்கள் கணினியில் இறக்கி வைக்க வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்பதைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

மட்டக்களப்பான்:

ஒரு நகலை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் "யாரிடம் கற்றது" என்ற வரி இல்லாத குறிப்பை நான் இறக்கமாட்டேன், சொல்லிவிட்டேன்.

நாடக டீச்சர்:

பாதுகாப்பு வரியைப் படித்துப் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். கரைப்பான், பெயிண்ட் விஷயத்தில் எனக்குப் போதாது, வேதியியல் தெரிந்த ஒருவர் வேண்டும்.

சூடுபசை, உங்களுக்காக ஒரு வழி: படத்தை இரவே போடுங்கள். ஒரு மாதத்துக்குள் செய்முறை வராவிட்டால் தளத்திலிருந்து எடுத்துவிடலாம், குழுவில் மட்டும் இருக்கட்டும். தொழிலாக இதைச் செய்கிறவர்களுக்கு விதியே வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் படங்களுக்குத் தனிப் பகுதி வைக்கலாம்.

காகிதக்கூழ்:

தனிப் பகுதி வைத்தால் அது விளம்பரப் பலகை ஆகிவிடும் டீச்சர். நாளைக்கு எல்லாரும் "நானும் தொழில்காரன்" என்பார்கள். இதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. பேச்சிலேயே நாள் போகிறது, மாதிரிக்கு ஒரு குறிப்பை இங்கேயே போடுகிறேன்.

பொருள்: ஈ.வி.ஏ. ஃபோமில் தோள்கவசம். யாரிடம் கற்றது: காணொளிகளிலும் இந்தக் குழுவிலும். வேண்டியவை: பத்து மில்லிமீட்டர் ஷீட், புதிய பிளேடு, ரப்பர் வகைக் காண்டாக்ட் பசை, ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி), வெள்ளை ஃபெவிகால், அக்ரிலிக் பெயிண்ட். முறை: காகிதத்தில் வரைந்து வெட்டி ஃபோமில் பதிக்கவும். ஓரங்களைச் சாய்வாக வெட்டவும். இரு ஓரங்களிலும் பசை தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து சேர்க்கவும். பிறகு முழுவதையும் ஹீட் கன்னால் சூடாக்கினால் மேற்பரப்பின் துளைகள் மூடிப் பளபளப்பாகும், அந்தச் சூட்டிலேயே வளைக்கவும். ஃபெவிகால் பூச்சு, பிறகு நிறம். ஆபத்து: பசையின் ஆவி தீப்பற்றும், மூடிய அறையில் வேண்டாம்.

செட்டுக்காரன்:

ஒட்டிய பிறகு சூடு காட்டச் சொல்லி யார் சொல்லிக்கொடுத்தது? அந்தப் பசை சூடு பட்டால் இளகும், மூட்டு வாயைப் பிளக்கும். முதலில் சூடு, வளைவு எல்லாம் முடியுங்கள். ஆறட்டும். பசை தடவும் ஓரத்தில் மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், பளபளப்பான இடத்தில் பசை பிடிக்காது. அதன் பிறகு ஒட்டுங்கள். மழைக்காலத்தில் பசையின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படியும், அப்படியே சேர்த்தால் இரண்டு நாளில் உரிந்துவிடும். ஈரப்பதம் அதிகமான நாளில் ஒட்டும் வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். சூடாக்கும் மேசையும் பசை டப்பாவும் ஒரே அறையில் இருக்கவே கூடாது, அதையும் ஆபத்து வரியில் சேருங்கள்.

விதிக்கு நான் இன்னும் எதிர்ப்புதான். தப்பாக எழுதியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சூடுபசை:

அண்ணா, உப்புத்தாள் எத்தனை நம்பர்?